ஐம்பது பைசா கல்யாணம்

பி.காம். படித்தவனுக்கு ஒரு சாபம் உண்டு. சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மொய் எழுத உட்கார வைத்துவிடுவார்கள். இன்ஜினீயருக்கு மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி. டாக்டருக்கு முதல் பந்தி. நமக்கு மட்டும் வாசலில் ஒரு ஆடுகிற மேஜை, எண்பது பக்க நோட்டு, மூடி தொலைந்த பேனா. உள்ளே கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில் நாம் 'கொரநாட்டுக் கருப்பூர் மாமா, ஐநூத்தி ஒண்ணு' என்று எழுதிக்கொண்டிருப்போம். இப்படி நான் தாலி கட்டுவதைப் பார்க்காத கல்யாணங்கள் நாற்பதாவது இருக்கும்.

அதனால் 2024 பங்குனியில் என் சித்தி பையன் போன் பண்ணி, "அண்ணே, எனக்குக் கல்யாணம்" என்றதும், "சந்தோஷம்டா. நோட்டு வாங்கி வெச்சுடறேன்" என்றேன்.

"மொய் எழுத இல்லண்ணே. பட்ஜெட் போட."

பையன் கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் செக்‌ஷன். வயது முப்பது. பெண் பார்த்துப் பார்த்து சித்தி ஓய்ந்துபோய், கடைசியில் அவனை மாலையும் கழுத்துமாகத் திருமணஞ்சேரிக்கு வேறு கூட்டிக்கொண்டு போனாள். பெண் அமைந்தது மயிலாடுதுறையில். தனியார் பள்ளிக்கூட டீச்சர். பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம்தான். ஆனால் போன் நம்பர் கைமாறிய முதல் வாரத்திலேயே இரண்டு பேரும் காதல் வசனம் எதுவும் பேசாமல் பாங்க் பாலன்ஸ் பேசியிருக்கிறார்கள். காலம் அப்படி, ஸார்.

அவன் கையிருப்பு 2,10,000. அவள் கையிருப்பு 1,60,000. ஆக மொத்தம் 3,70,000 ரூபாய்.

"இதுக்குள்ள முடிக்கணும்ணே. ஆனா ஸ்டைலா இருக்கணும். அடுத்தவன் கல்யாணம் மாதிரி இல்லாம எங்க கல்யாணம் மாதிரி இருக்கணும்."

இந்த மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கிறவன் ஒன்று வி.ஐ.பி. வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விவரம் தெரியாதவனாக இருக்க வேண்டும். இவன் இரண்டாவது ரகம். "கடன் வாங்கினா என்னடா? ஊரே வாங்குது" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லாமல் போனைக் கான்ஃபரன்ஸில் போட்டான். அந்தப் பெண் பேசினாள். "மாமா, எனக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான். எங்கப்பா கையெழுத்து எந்தப் பேப்பர்லயும் விழக் கூடாது."

விஷயம் இதுதான். அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டயரானவர். 2017-ல் மூத்த பெண் கல்யாணத்தைக் கடன் வாங்கிச் சாங்கோபாங்கமாக நடத்தியிருக்கிறார். அந்த அக்கா பையனுக்குப் பல் விழுந்து முளைக்கவும் ஆரம்பித்தாயிற்று. கடன் மட்டும் இன்னும் விழவில்லை.

நான் சிரிப்பதை நிறுத்திவிட்டு, நிஜமாகவே ஒரு நோட்டு வாங்கினேன்.

* * *

கும்பகோணத்தில் சித்தப்பா வீட்டில் முதல் மீட்டிங். சித்தப்பா கூட்டுறவுப் பண்டகசாலையில் முப்பத்து மூன்று வருஷம் உத்தியோகம் பார்த்தவர். அழைக்க வேண்டியவர்கள் லிஸ்ட் ஏற்கெனவே தயாராக வைத்திருந்தார். ஃபுல்ஸ்கேப் காகிதத்தில் பதினோரு பக்கம். 840 பேர்.

"சித்தப்பா, இது லிஸ்ட்டா, வாக்காளர் பட்டியலா?"

"இதுலயே ரெண்டு தெருவை விட்டுட்டேன் தம்பி" என்றார் வருத்தத்துடன்.

சமையல் காண்ட்ராக்டரிடம் ரேட் கேட்டிருந்தோம். ராத்திரி ரிசப்ஷன் சாப்பாடு 220, காலை டிபன் 120, மத்தியானம் இலைச் சாப்பாடு 240. தலைக்கு 580. இதை 840-ஆல் பெருக்கினால் 4,87,200 ரூபாய். சாப்பாடு மட்டும். தாலி இல்லை, புடவை இல்லை, மண்டபம் இல்லை.

இங்கேதான் ஒரு சின்ன காமர்ஸ் பாடம். கல்யாணம் நெருங்குகிற வாசகர்கள் கொஞ்சம் கவனிக்கவும், மற்றவர்கள் அடுத்த பாராவுக்குப் போகலாம். செலவில் இரண்டு ஜாதி. எத்தனை பேர் வந்தாலும் மாறாதது ஒன்று: மண்டபம், மேளம், போட்டோகிராபர், மேடை அலங்காரம். தலைக்குத் தலை ஏறுவது இன்னொன்று: இலை, பத்திரிகை, தாம்பூலப் பை, வேன். நாம் என்ன செய்கிறோம்? மேடைக்காரரிடம் மூன்று மணி நேரம் மல்லுக்கட்டி ஐயாயிரம் குறைத்துவிட்டு, ஜெயித்த மிதப்பில் வெளியே வந்து, வழியில் பார்த்த ஒன்பது பேரைக் குடும்பத்தோடு அழைத்துவிடுகிறோம். ஐந்து உருப்படி வீதம் நாற்பத்தைந்து தலை, 580 வீதம் 26,100. ஐயாயிரம் போயே போச்சு. எல்லா ஓட்டையும் இலையில்தான் இருக்கிறது. அதை அடைக்காமல் மற்ற இடத்தில் பூசிப் பிரயோஜனம் இல்லை.

இதையே கொஞ்சம் மரியாதையாகச் சித்தப்பாவிடம் சொன்னேன்.

"எத்தனை பேருங்கறே?"

"நூத்தி எண்பது. ராத்திரி ரிசப்ஷன் கிடையாது."

சித்தப்பா எழுந்து போய்விட்டார். அடுக்களையிலிருந்து டம்ளர் வைக்கிற சத்தம் பலமாகக் கேட்டது.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு பழைய பைண்டு நோட்டு இருந்தது. 1988-லிருந்து அவர் வைத்த மொய்க் கணக்கு. யாருக்கு, எப்போது, எவ்வளவு. பதினொன்றில் ஆரம்பித்து, இருபத்தொன்று, ஐம்பத்தொன்று, நூற்றியொன்று என்று வளர்ந்து சமீபத்தில் ஆயிரத்தொன்று. "முப்பத்தாறு வருஷமா வெச்சிருக்கேன். இவனுக்கு ஒரு கல்யாணம், அப்ப எல்லாரும் வருவான்னு. நீ நூத்தி எண்பதுங்கறே. மீதிப் பேருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

நியாயம்தானே, ஸார்? மொய்யை வருமானம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது வருமானமே இல்லை. கல்யாணத்தன்று வருகிற மொய் கடன், நாம் வைத்த மொய் வர வேண்டிய பாக்கி. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் இதைப் பட்டவர்த்தனமாக ஒத்துக்கொண்டு மொய் விருந்தே வைக்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டாம்; கறி விருந்து போடு, கணக்கைத் தீர். நம் பக்கம் மட்டும் அட்சதையைத் தூவி அதை மறைத்துக்கொள்கிறோம். சித்தப்பாவுக்கு வர வேண்டிய பாக்கி முழுவதையும் வராக்கடன் என்று ஒரே ராத்திரியில் எழுதித் தள்ளச் சொன்னால் எந்த மனிதர்தான் சும்மா இருப்பார்?

"2020-ல கொரோனா சமயத்துல அம்பது பேருக்கு மேல கூடாதுன்னாங்களே, அப்ப கல்யாணம் நடக்கலியாப்பா?" என்றான் பையன்.

"அது கவர்மென்ட் சொன்னது. யாரும் யாரையும் கோவிச்சுக்க முடியாது. இது நீ சொல்றே. வித்தியாசம் இருக்கு" என்றார் சித்தப்பா.

அரசியல் சாஸ்திரத்தில் எம்.ஏ. படித்தாலும் இவ்வளவு தெளிவு வராது. மீட்டிங் தீர்மானமில்லாமல் கலைந்தது.

* * *

நாலு நாள் கழித்துப் பெண்ணின் அப்பா என்னைத் தேடிச் சென்னைக்கே வந்துவிட்டார். சொல்லாமல், கொள்ளாமல். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. உள்ளே வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸ்.

"பொண்ணுக்குத் தெரிய வேணாம் தம்பி. மூணு லட்சம் தர்றேங்கறாங்க. பதினாலு பர்சென்ட், அஞ்சு வருஷம். மாசம் எவ்வளவு வரும்னு மட்டும் போட்டுச் சொல்லுங்க."

போட்டேன். மாதம் 6,980 ரூபாய். ஐந்து வருஷத்தில் வட்டி மட்டும் 1,18,800. அந்த வட்டிப் பணத்தில் 180 பேருக்கு இரண்டரைத் தடவை இலைச் சாப்பாடு போடலாம். சாப்பிடாத சாப்பாட்டுக்குப் பில்.

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கணக்கு சரிதான் தம்பி. ஆனா பொண்ணு சம்பாதிச்ச காசுல பொண்ணு கல்யாணம் நடக்குது, அப்பன் முன் வரிசையில உக்காந்து பாயசம் குடிக்கறான்னா... நான் எப்படி உக்காருவேன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பட்ஜெட்டில் இதற்கு ஒரு தலைப்பு நான் போட்டிருக்கவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்த என் மனைவிதான் கேட்டாள்:

"உங்களை யாருங்க உக்காரச் சொன்னது? மாயவரத்துலேர்ந்து பொண்ணு வீட்டு ஜனத்தையெல்லாம் கூட்டிட்டு வர வேன் வேணும். வேனுக்கு டிரைவர் வேணும். எங்க கணக்குல அதுக்குப் பதினஞ்சாயிரம் எழுதியிருக்கு."

மனிதர் நிமிர்ந்தார். முகத்தில் பஸ் ஸ்டார்ட் ஆன களை.

"வேன் நம்ம பழைய கண்டக்டர் மச்சான்கிட்ட இருக்கு. டீசல் போட்டா போதும்" என்றார். பிறகு, "முப்பது வருஷம் ஊர் ஜனத்தை ஏத்திட்டுப் போயிருக்கேன்... என் பொண்ணைக் கூட்டிட்டுப் போகக் கூடாதா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜெராக்ஸை மடித்துப் பையில் வைத்தார். அதை நான் வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாமோ என்று அன்று ராத்திரி முழுக்கத் தோன்றியது.

* * *

இடைவேளையில் சில லௌகீகங்கள்.

மண்டபம் தேடுகிறபோது எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை, வளர்பிறை, சுபமுகூர்த்தம் வேண்டும். அதனால் அன்று வாடகையும் வளர்பிறை. நாங்கள் ஜோசியரிடம் கெஞ்சி ஆவணித் தேய்பிறையில் ஒரு புதன்கிழமை வாங்கினோம். "அதுவும் முகூர்த்தம்தான். ஜனங்கதான் பயப்படறா" என்றார். கோயிலில் தாலி, பக்கத்துச் சின்ன மண்டபத்தில் சாப்பாடு. வாடகை 25,000. அதற்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி., 4,500. மண்டபக்காரர்கள் ரேட் சொல்லும்போது இந்த 18-ஐ வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். கேட்டு வாங்குங்கள்.

கோயிலில் கல்யாணம் என்றால் வயதுச் சான்று, விலாசச் சான்று, 'இதுதான் முதல் கல்யாணம்' என்று ஒரு சான்று. கடைசியதைக் கேட்டதும் பையனுக்கு ரோஷம். "எனக்கு இதுவே அமையறதுக்கு முப்பது வருஷமாச்சுண்ணே!" என்று தாலுகா ஆபீஸ் வாசலில் புலம்பினான்.

ஐயர், ஹோமம் எதுவும் வேண்டாம் என்கிற ஆசாமிகளுக்கு இதைவிடச் சுலபம். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் சட்டசபையில் நிறைவேறிய திருத்தத்தின்படி சுயமரியாதைத் திருமணம் நம் மாநிலத்தில் செல்லும். மாலை மாற்றினாலும் சரி, மோதிரம் மாற்றினாலும் சரி. எந்த வழியில் பண்ணினாலும் 2009 சட்டப்படி பதிவு கட்டாயம். கல்யாணமாகித் தொண்ணூறு நாளுக்குள் போய்விடுவது உத்தமம். தள்ளிப்போட்டு, பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணுகிற அன்று மனைவியை மனைவி என்று நிரூபிக்க முடியாமல் திண்டாடியவர் ஒருவரை எனக்குத் தெரியும். (நான் இல்லை. அவ்வளவுதான் சொல்வேன்.)

தங்கத்தில் மட்டும் அதிர்ஷ்டம் அடித்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15 சதவிகிதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தார்கள். பவுன் விலை மளமளவென்று இறங்கிய வாரத்தில் தாலியை வாங்கிவிட்டோம். நிதியமைச்சர் வைத்த மொய் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். 2025-ல் பவுன் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியபோது பையன் போன் பண்ணிக் கேட்டான்: "அண்ணே, அன்னிக்கு ஒரு செயினும் சேத்து வாங்கியிருக்கலாமோ?" கல்யாணமானவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி.

அப்புறம் அந்த ஸ்டைல். பையனுக்கு ஒரு ஆசை இருந்தது. கடற்கரையில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, பெண் பத்து கெஜ கவுனில் பறக்க, மேலே ட்ரோன் வட்டமிட... அறுபதாயிரம் கேட்டார்களாம். அந்தப் பெண் ஒரே கேள்வி கேட்டாள்: "பத்து வருஷம் கழிச்சு ஆல்பத்தைப் பாத்தா இது யாருன்னு கேக்க மாட்டோமா?" ட்ரோன் அம்பேல்.

பதிலுக்கு அவள் ஒரு செலவு சொன்னாள். நாயனம். மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில்தான் நரசிங்கம்பேட்டை இருக்கிறது. 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த நாதஸ்வரம் செய்கிற ஊர். பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கிற ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைந்து செய்கிறார்கள். பஸ்ஸில் அந்த ஊர் போர்டைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பெண். "நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுல இது இருக்கறப்ப, கல்யாணத்துல ஸ்பீக்கர்ல சினிமாப் பாட்டு போடறதாவது?" இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், 30,000 ரூபாய். சித்தியே "கொஞ்சம் ஜாஸ்தியோ?" என்றாள். நான் பேரம் பேசவில்லை. எல்லாவற்றிலும் கஞ்சத்தனம் பண்ணினால் கல்யாணம் கஞ்சத்தனமாகத்தான் தெரியும். ஒன்றில் ஊதாரியாக இருந்தால் மற்றதெல்லாம் வேண்டுமென்றே அப்படி வைத்தது போல ஆகிவிடும்.

மேடை அலங்காரம் குருத்தோலையும் வாழைமரமும் மாவிலையும். பெண்ணின் பெரியம்மா முந்தின நாள் ராத்திரி ஒற்றை ஆளாக வாசல் முழுக்க இழைகோலம் போட்டாள். சம்பளம் ஒரு ஃபிளாஸ்க் காப்பி.

* * *

ஆனால் சித்தப்பா மசியவில்லை. 'உன் இஷ்டம்', 'பண்ணுங்கோ', 'நான் யாரு?' என்கிற மூன்றே வசனங்களில் ஒரு மாசத்தை ஓட்டினார்.

அவரை மசிய வைத்தது அந்த டீச்சர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் தன் அம்மாவோடு சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். மேஜைமேல் கிடந்த மொய் நோட்டை எடுத்து ஏதோ பாடப் புஸ்தகம் மாதிரி படிக்க ஆரம்பித்தாள். படித்துக்கொண்டே சிரித்தாள்.

ஏனென்றால் சித்தப்பா வெறும் தொகையை எழுதுகிற ஆள் இல்லை. பண்டகசாலைப் பழக்கம். எல்லா என்ட்ரிக்கும் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு காலம். '1991 - ரூ.21 - இவர் சைக்கிளில்தான் இண்டர்வியூவுக்குப் போனேன்.' '1993 - ரூ.31 - பெண் நன்றாகப் பாடியது.' '1996 - ரூ.51 - திருநாகேஸ்வரம் - பலத்த மழை - சாம்பாரில் உப்பு ஜாஸ்தி.'

"மாமா, இது மொய்க் கணக்கே இல்ல. இவங்க எல்லாருக்கும் நாம லெட்டர் போடலாமே" என்றாள்.

"லெட்டரா?"

"போஸ்ட் கார்டு."

அஞ்சல் அட்டை விலை ஐம்பது பைசா. அச்சடித்தால் ரேட் வேறு, கையால் எழுதினால் ஐம்பது பைசாதான். அழைக்க முடியாத 310 குடும்பத்துக்கு 310 கார்டு. செலவு 155 ரூபாய். ஒரு இலைச் சாப்பாட்டு விலைகூட இல்லை.

அடுத்த நாலு ஞாயிற்றுக்கிழமைகள் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் ஆபீஸ் நடந்தது. சித்தப்பா ஈஸிசேரில் சாய்ந்து நோட்டைப் பார்த்துச் சொல்வார். பெண் எழுதுவாள், நாலு கோடு நோட்டுக் கையெழுத்தில். பையன் விலாசம் எழுதிப் பின்கோடு தேடுவான். 'கூட்டம் சேர்க்க எங்களுக்கு வசதி இல்லை. உங்கள் ஆசி இல்லாமல் கல்யாணம் செய்துகொள்ளவும் மனசில்லை. கல்யாணம் முடிந்து நாங்களே உங்கள் வீட்டுக்கு வருகிறோம்.' இது பொது. அதற்குக் கீழே அந்த வீட்டுக்கு மட்டும் ஒரு வரி. 'உங்கள் சைக்கிளில் போய்த்தான் மாமா வேலையில் சேர்ந்தார். அந்தச் சைக்கிள் இன்னும் இருக்கிறதா?'

மூன்றாவது ஞாயிறு சித்தப்பா லிஸ்ட்டில் விட்டுப்போன அந்த இரண்டு தெருக்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். 'உன் இஷ்டம்' வழக்கொழிந்தது. பையனின் சிநேகிதன் ஒருவன் அந்தத் திண்ணைக் காட்சியை செல்போனில் நாலு படம் எடுத்தான். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த போட்டோ என்று அவர்களிடம் இருப்பது அது ஒன்றுதான். பெண்ணின் விரலில் மை, பையன் மூக்கில் தூசி, பின்னால் சித்தப்பா வாயைத் திறந்து டிக்டேஷன்.

இதில் ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'நாங்களே வருகிறோம்' என்று எழுதினால் போக வேண்டும். கல்யாணத்துக்கு அப்புறம் வந்த சனி, ஞாயிறு எல்லாம் அவர்கள் தேனிலவு போகவில்லை. டி.வி.எஸ். வண்டியில் வலங்கைமான், குடவாசல், ஆடுதுறை என்று வெத்தலை பாக்கோடு சுற்றினார்கள். ஒரே நாளில் பதினோரு காப்பி குடித்து ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்ததாகப் பையன் சொன்னான். மூன்று வீட்டில் "கல்யாணத்துக்குக் கூப்பிடாம இப்ப எதுக்கு வந்தீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். வாங்கிக்கொண்டுதான் வந்தார்கள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. பணத்தைக் குறைத்தால் அந்த இடத்தில் வேறு ஏதாவது கொடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

* * *

கல்யாணத்தன்று காலை ஐந்தரை மணிக்கு வேன் வந்தது. பட்டு வேட்டி, சட்டைப் பையில் சந்தனம் ஒட்டிய கர்ச்சீப், ஸ்டியரிங்கில் பெண்ணின் அப்பா. கோயில் வாசலில் கோலத்தை மிதிக்காமல் ஒரே வளைவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பழக்க தோஷத்தில், "எல்லாரும் எறங்கியாச்சா?" என்று திரும்பிப் பார்த்தார். கடைசி சீட்டில் மணப்பெண் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். அவர் இறங்கிப் பின்னால் போய்க் கையைக் கொடுத்தார். போட்டோகிராபர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தான். அரை நாள் காண்ட்ராக்ட், என்ன செய்வது?

மொய் கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டதால் வாசலில் மேஜை இல்லை. எனக்குக் கை கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உள்ளே போனேன். கெட்டிமேளம் கொட்டியபோது மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். தாலியில் மூன்று முடிச்சு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். என் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை, புகை.

மத்தியானம் 180 இலை. இருபத்திரண்டு பேர் அழைக்காமலே வந்துவிட்டார்கள். எல்லோர் கையிலும் அந்த ஐம்பது பைசா கார்டு! காண்ட்ராக்டர் அசரவில்லை. "நூத்தி எண்பதுன்னா இருநூறுக்கு மேல பாத்துத்தான் உலை வைப்போம் ஸார்" என்றார். மொத்தச் செலவு 3,31,450. மிச்சம் 38,550, நங்கநல்லூர் வாடகை வீட்டு அட்வான்ஸுக்குப் போயிற்று.

கடைசிப் பந்தி முடிகிற நேரம். எண்பது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே நேராகச் சித்தப்பாவிடம் வந்தார். திருநாகேஸ்வரம். அவருடைய கார்டில் டீச்சர், '1996-ல் கொட்டுகிற மழையில் உங்கள் வீட்டில் சாப்பிட்டதை மாமா மறக்கவில்லை' என்று நாசூக்காகத்தான் எழுதியிருந்தாள். நம்ம பையன், இடம் மிச்சம் இருக்கிறதே என்று, மூலையில் 'சாம்பாரையும்' என்று சேர்த்திருக்கிறான்.

"இருபத்தெட்டு வருஷமா மனசுல வெச்சுண்டிருந்தியா?" என்றார் பெரியவர்.

சித்தப்பா விழித்தார். பெரியவர் மடியிலிருந்து ஒரு ஐம்பது ரூபாய் நோட்டும் ஒரு ரூபாய் நாணயமும் எடுத்து நீட்டினார்.

"மொய் வாங்கறதில்லீங்க" என்றார் சித்தப்பா.

"மொய் யார் குடுத்தா? இது பாக்கி. பிடி." கையில் திணித்துவிட்டு இரண்டு அடி நடந்தவர் நின்று திரும்பினார். "உங்க சாம்பார்ல உப்பு கம்மி. அதையும் எழுதிக்கோ."

சித்தப்பா கொஞ்ச நேரம் அந்த ஐம்பத்தொரு ரூபாயைப் பார்த்தார். அப்புறம் மண்டபம் முழுக்கக் கண்ணால் துழாவி, பாயசத்தோடு நின்ற என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி, நோட்டு ஏதாவது வெச்சிருக்கியா?"